அடுத்தவங்க பாட்டு, நம்ம ஆம்ப்: ஹெவி மெட்டல் கவர்களும் அதிகம் பேசப்படாத சில ஹார்ட் ராக் பாட்டுகளும்

இந்த வாரம் கொஞ்சம் சத்தமான எபிசோட். பக்கத்துல குழந்தை தூங்கிட்டு இருந்தா ஹெட்போன் மாட்டிக்கோங்க. மெட்டல் பத்தி பேசுன்னு ரொம்ப நாளா நிறைய பேர் கேட்டுட்டு இருக்கீங்க. ஆனா "டாப் டென்" லிஸ்ட் போடுறதுல எனக்கு இஷ்டம் இல்ல. அந்த லிஸ்ட்ல என்ன இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அதனால வேற வாசல் வழியா உள்ள போவோம்: கவர் பாட்டு. ஒரு பேண்ட் இன்னொருத்தர் பாட்டை எடுத்து வாசிக்கும்போது என்ன நடக்குது, அந்தக் காசு யாருக்குப் போகுது, அதனால யார் கோர்ட்டு வரைக்கும் போனாங்க, இதையெல்லாம் பார்த்துட்டே போனா கேட்காம விட்ட நல்ல பாட்டுகளும் வழியில கிடைக்கும்.

முதல்ல ஒரு தகவல். ஹெவி மெட்டல்னு நாம சொல்ற இந்த மொத்த விஷயத்துக்கும் பிள்ளையார் சுழி போட்டது பிளாக் சப்பாத்னு நிறைய பேர் ஒத்துப்பாங்க. 1970 ஜனவரியில வந்த அவங்களோட முதல் சிங்கிள் எது தெரியுமா? 'ஈவில் வுமன்'. அது அவங்க பாட்டே இல்ல. அமெரிக்காவுல மினியாபொலிஸ் ஊரைச் சேர்ந்த குரோ அப்படிங்கிற பேண்டோட பாட்டு. சப்பாத் பசங்களுக்கு அதை வாசிக்க பெருசா ஆசை இல்ல. முதல் சிங்கிளுக்கு ஏற்கெனவே ஓடின பாட்டா இருந்தா நல்லதுன்னு வந்த யோசனைக்கு ஒத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான். முதல் ஆல்பத்தோட அமெரிக்கப் பதிப்புல அதைத் தூக்கிட்டு 'விக்கெட் வேர்ல்ட்'னு அவங்க சொந்தப் பாட்டைப் போட்டாங்க. ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க. எதுல மனசு இருக்குன்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும். 'விக்கெட் வேர்ல்ட்' அவ்வளவு நல்ல பாட்டு, ஆனா 'பாரனாய்ட்', 'அயர்ன் மேன்' நிழல்ல அப்படியே மறைஞ்சு போச்சு.

கவர்னா என்ன, ரீமிக்ஸ்னா என்ன

நமக்கு ரீமிக்ஸ்னா தெரியும். 1970-ல வந்த 'சொர்க்கம்' படத்து 'பொன்மகள் வந்தாள்', 2007-ல 'அழகிய தமிழ்மகன்' படத்துல ரஹ்மான் இசையில திரும்ப வந்துச்சு. அந்த மாதிரி பழைய பாட்டு புதுப் படத்துக்குள்ள வரணும்னா உரிமை வெச்சிருக்கிற கம்பெனிகிட்ட பேசி, காசு கொடுத்துதான் வரணும். மேற்கத்திய ராக்ல கவர் அப்படி வேலை செய்யல. நம்ம சாஃப்ட்வேர் மக்களுக்குப் புரியிற மாதிரி சொன்னா, அது ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ் மாதிரி, ஆனா இலவசம் கிடையாது.

ஒரு பாட்டுல ரெண்டு சொத்து இருக்கு. ஒண்ணு, பாட்டு: மெட்டும் வரிகளும். இன்னொண்ணு, ரெக்கார்டிங்: ஒரு குறிப்பிட்ட நாள்ல ஸ்டுடியோவுல பதிவான அந்த ஒலி. கவர் பண்றவங்க ரெக்கார்டிங்கைத் தொடறதே இல்ல, பாட்டை மட்டும் எடுத்துப் புதுசா வாசிக்கிறாங்க. அமெரிக்காவுல ஒரு பாட்டு ஒருதடவை முறைப்படி வெளியாயிட்டா, அப்புறம் யார் வேணும்னாலும் அதைப் புதுசா ரெக்கார்ட் பண்ணலாம், எழுதினவர் தடுக்க முடியாது. 1909 சட்டத்துலேர்ந்தே இந்த ஏற்பாடு இருக்கு. சட்டம் நிர்ணயிச்ச ராயல்டியை மட்டும் கட்டணும். அந்த ராயல்டி எழுதினவருக்குப் போகும். முதல்ல வாசிச்சவரா, பாடினவரா மட்டும் இருந்தா இதுல ஒரு பைசா வராது. இந்தியாவுலயும் 2012 திருத்தத்துக்கு அப்புறம் காப்புரிமைச் சட்டத்துல 31சி பிரிவு இருக்கு. ஆனா முதல் ரெக்கார்டிங் வந்த வருஷம் முடிஞ்சு அஞ்சு வருஷம் காத்திருக்கணும், பாட்டை இஷ்டத்துக்கு மாத்தவும் கூடாது.

"மாத்தக் கூடாது"ங்கிறது அமெரிக்காவுலயும் ஓரளவு உண்டு. உங்க ஸ்டைலுக்கு ஏத்த மாதிரி வேகம் கூட்டலாம், வாத்தியம் மாத்தலாம். மெட்டோட அடிப்படையை மாத்தினா, வரிகளைத் திருப்பி எழுதினா, அனுமதி வேணும். மெகாடெத் இதுல மாட்டினது செம கதை. 1985-ல அவங்க முதல் ஆல்பத்துல, நான்சி சினாட்ரா பாடிப் பிரபலமான பூட்ஸ் பாட்டை எடுத்து, வரிகளை ஏடாகூடமா மாத்திப் பாடிட்டாங்க. எழுதின லீ ஹேசல்வுட் பல வருஷம் கழிச்சு எதிர்ப்பு சொல்ல, பாட்டை ஆல்பத்துலேர்ந்து எடுக்க வேண்டியதாச்சு. 2002 மறுவெளியீட்டுல அந்தப் பாட்டு இருக்கு, ஆனா மாத்தின இடமெல்லாம் 'பீப்'. டிவியில சென்சார் பண்ண படம் பார்க்கிற மாதிரியே இருக்கும். 2018-ல ஒரிஜினல் வரிகளையே மறுபடி பாடி வெளியிட்டாங்க. முப்பது வருஷத்துக்கும் மேல ஓப்பன்ல கிடந்த ஒரு பக்.

ஏன் எந்தப் பாட்டும் மெட்டல் ஆகுது

சரி, ஒரு கிராமியப் பாட்டை, ஒரு காதல் பாட்டை மெட்டலா மாத்தும்போது அது ஏன் ஒத்துப் போகுது? இதுக்குப் பின்னாடி கொஞ்சம் சிக்னல் பிராசஸிங் இருக்கு. காலேஜ்ல தூங்கின சப்ஜெக்ட்தான், பயப்படாதீங்க.

கிட்டார் ஆம்பை அதோட அளவுக்கு மேல தள்ளினா, அலையோட உச்சி வெட்டுப்படும். அதுதான் டிஸ்டார்ஷன். அப்போ ரெண்டு ஸ்வரத்தைச் சேர்த்து வாசிச்சா, அந்த ரெண்டு மட்டும் வெளிய வராது. அதோட கூட்டல், கழித்தல் அதிர்வெண்களும் சேர்ந்து வரும். 110 ஹெர்ட்ஸ், 165 ஹெர்ட்ஸ் ரெண்டையும் வாசிக்கிறீங்கன்னு வைங்க. நம்ம பாஷையில ஸ, ப. கழிச்சா 55. அது அதே ஸ, ஒரு ஸ்தாயி கீழ. நீங்க வாசிக்காமலே அடியில ஒரு பேஸ் முளைக்குது. கூட்டினா 275. அது மேல் ஸ்தாயியில அந்தர காந்தாரம். நல்லா சுருதி சேர்த்த தம்புராவுல ஸ-வும் ப-வும் மட்டும் மீட்டினாலே காந்தாரம் தானா கேட்கும்னு சங்கீதக்காரங்க சொல்வாங்களே, கிட்டத்தட்ட அதே காந்தாரம்தான், வேற வழியில வருது. காரணம் ஒண்ணு இல்லைன்னாலும், கேட்கிற சுகம் சொந்தக்காரங்கதான்.

இதே இடத்துல ஸ, க சேர்த்து வாசிச்சுப் பாருங்க. 110, 138.6. கழிச்சா 28.6. கூட்டினா 248.6. ரெண்டும் எதோடயும் சரியா சேராது. கூழ் மாதிரி ஆயிடும். அதனாலதான் மெட்டல் கிட்டார்காரங்க காந்தாரத்தைத் தூக்கிட்டு ஸ, ப மட்டும் வெச்சுக்கிறாங்க. அதுக்குப் பேர்தான் பவர் கார்ட். காந்தாரம்தான் ஒரு கார்ட் மகிழ்ச்சியா சோகமான்னு தீர்மானிக்கிற ஸ்வரம். அது கிட்டார்ல இல்லைன்னா, அந்த முடிவு முழுக்கப் பாடுறவர் கைக்குப் போயிடுது. அதனால ஒரு மென்மையான பாட்டை எடுத்து கீழ பவர் கார்ட் போட்டா, பாடகருக்கு நடக்க நிறைய இடம் கிடைக்குது.

இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் ஜூடாஸ் பிரீஸ்ட் வாசிச்ச 'டயமண்ட்ஸ் அண்ட் ரஸ்ட்'. ஜோன் பாயஸ் 1975-ல வெளியிட்ட பாட்டு, பாப் டிலனோட இருந்த பழைய உறவைப் பத்தினது. ஒரு பழைய காதலர்கிட்டேர்ந்து போன் வருது, ஞாபகம் கிளறுது, அவ்வளவுதான் விஷயம். தோல் ஜாக்கெட் போட்ட இங்கிலாந்துப் பசங்களுக்கு இதுல என்ன வேலைன்னு தோணும். 1977-ல 'சின் ஆஃப்டர் சின்' ஆல்பத்துல, டீப் பர்பிள் ரோஜர் குளோவர் தயாரிப்புல, இதைக் குதிரை ஓடுற வேகத்துல வாசிச்சாங்க. ராப் ஹால்ஃபோர்ட் எங்கயும் கத்தல. அந்த வேகத்துக்கு மேல நின்னு அமைதியா சொல்லிட்டுப் போறார். பாயஸ் பாடும்போது அது ஞாபகம். ஹால்ஃபோர்ட் பாடும்போது, ஞாபகம் துரத்துது, இவர் ஓடிட்டு இருக்கார். ஒரு வரி மெட்டு மாறல, ஆனா கதையே மாறிப் போச்சு.

அதே பேண்டோட இன்னொரு கவர் 'தி கிரீன் மானலிஷி'. ஒரிஜினல் ஃப்ளீட்வுட் மேக், 1970. "ஃப்ளீட்வுட் மேக்கா?"ன்னு ஆச்சரியப்படாதீங்க, நமக்குத் தெரிஞ்ச பாப் பேண்ட் ஆகுறதுக்கு முன்னாடி அது பீட்டர் கிரீனோட புளூஸ் பேண்ட். கெட்ட கனவு ஒண்ணுலேர்ந்து வந்த பாட்டு, அதுல வர்ற பச்சைப் பிசாசு பணம்தான்னு கிரீனே சொல்லியிருக்கார். அந்தப் பாட்டோட பேண்டை விட்டே போயிட்டார். ஒரிஜினலைக் கட்டாயம் கேளுங்க. கடைசியில வர்ற அந்த ஊளை, எந்த மெட்டல் பேண்டாலயும் முடியாத அளவுக்குப் பயமா இருக்கும். கவர் நல்லா இருக்கு, ஆனா இதுல ஒரிஜினலுக்குத்தான் என் ஓட்டு.

ஒரு கவர் பாட்டு கோர்ட்டுக்குப் போன கதை

இப்போ வர்ற பகுதி கொஞ்சம் கனமானது. தற்கொலை பத்தின பேச்சு இருக்கு. கேட்க வேண்டாம்னு நினைச்சா அடுத்த தலைப்புக்குப் போயிடுங்க, தப்பே இல்ல.

1978-ல ஜூடாஸ் பிரீஸ்ட் 'ஸ்டெயின்ட் கிளாஸ்' ஆல்பத்தை முடிச்சுட்டாங்க. கேட்ட ரெக்கார்ட் கம்பெனி, "ரேடியோவுக்கு ஏத்த மாதிரி ஒரு பாட்டு சேருங்க"ன்னு சொல்லிச்சு. ஸ்பூக்கி டூத் பேண்ட் 1969-ல வெளியிட்ட 'பெட்டர் பை யூ, பெட்டர் தேன் மீ'ன்னு ஒரு பாட்டு, கேரி ரைட் எழுதினது. அதை எடுத்து வாசிச்சு சேர்த்தாங்க. அந்த ஒரு பாட்டை மட்டும் தயாரிச்சவர் ஜேம்ஸ் குத்ரி. பின்னாடி பிங்க் ஃப்ளாய்டோட 'தி வால்' ஆல்பத்துல வேலை செஞ்ச அதே ஆள். அளவான, நல்ல பாட்டு. பெருசா ஹிட் ஆகல. மறந்துட்டாங்க.

1985 டிசம்பர்ல அமெரிக்காவுல நெவாடா மாநிலத்துல ரெண்டு இளைஞர்கள். நாள் முழுக்கக் குடி, கஞ்சா, அதோட இந்த ஆல்பம். அன்னிக்கு ரெண்டு பேரும் தற்கொலைக்கு முயற்சி பண்ணாங்க. ஒருத்தர் அங்கயே இறந்தார். இன்னொருத்தர் பயங்கரக் காயத்தோட பிழைச்சு, மூணு வருஷத்துல இறந்தார். குடும்பங்கள் பேண்ட் மேலயும் சிபிஎஸ் கம்பெனி மேலயும் வழக்குப் போட்டாங்க. குற்றச்சாட்டு வரிகள் மேல இல்ல. வரிகளுக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு. அதனால அவங்க சொன்னது, பாட்டுக்கு அடியில காதுக்குத் தெரியாம 'டூ இட்', அதாவது 'செஞ்சிடு'ன்னு ஒரு குரல் ஒளிச்சு வெச்சிருக்குன்னு. அப்படி ஒளிச்சு வெச்ச செய்திக்குப் பேச்சுரிமை கிடையாதுன்னு நீதிபதி முடிவு பண்ணினதாலதான் 1990 கோடையில ரீனோ நகரத்துல விசாரணையே நடந்துச்சு.

யோசிச்சுப் பாருங்க. பாட்டு இவங்க எழுதினது இல்ல. ஆல்பத்துல வைக்கணும்னு இவங்க கேட்கவும் இல்ல. ஆனா கூண்டுல நிக்கிறது இவங்க. ஏன்னா நான் முன்னாடி சொன்ன ரெண்டு சொத்துல, பிரச்னை பாட்டுல இல்ல, ரெக்கார்டிங்ல.

ஸ்டுடியோவோட மூல டேப்பை எடுத்து, ஒவ்வொரு டிராக்கா பிரிச்சுக் கேட்டாங்க. நாம புரொடக்‌ஷன்ல ஒரு இஷ்யூ வந்தா லாக் ஃபைலை வரி வரியா தோண்டுவோமே, அதே வேலை. அந்த சத்தம் உண்மையிலயே இருந்துச்சு. ஆனா அது குரல் இல்ல. ஹால்ஃபோர்ட் வரி முடியும்போது மூச்சு விடுற சத்தமும், அதே நொடியில வர்ற ஒரு கிட்டார் சத்தமும் ஒண்ணா விழுந்து ரெண்டு சொல் மாதிரி கேட்குது. ஹால்ஃபோர்ட் கோர்ட்லயே வாத்தியம் இல்லாம பாடிக் காட்டினார். பாட்டுகளை ரிவர்ஸ்ல ஓட விட்டு, "இங்க பாருங்க, இப்படியும் கேட்குது"ன்னு சிரிப்பு வர்ற மாதிரி வாக்கியங்களை எடுத்துக் காட்டினார். தேடினா எதுலயும் எதுவும் கிடைக்கும்ங்கிறதுதான் அவர் வாதம். நாமளே பண்ணுவோம்ல, சினிமாப் பாட்டு வரியை ஒரு நண்பன் ஏடாகூடமா சொல்லிட்டா, அப்புறம் ஜென்மத்துக்கும் ஒரிஜினல் வரி காதுல விழாது.

1990 ஆகஸ்ட்ல தீர்ப்பு. தற்செயலா சேர்ந்த சத்தம், வேணும்னே வெச்சது இல்லைன்னு நீதிபதி வழக்கைத் தள்ளுபடி பண்ணார். அடுத்த மாசமே 'பெயின்கில்லர்' ஆல்பம் வந்துச்சு.

எனக்கு இந்தக் கதையில பேண்ட் ஜெயிச்சாங்கன்னு கைதட்டத் தோணல. ரெண்டு பசங்க இல்ல. அவங்க வீட்ல ஏன்னு தெரியணும்னு தவிச்ச மனுஷங்க, கையில கிடைச்ச ரெக்கார்டைப் பிடிச்சுக்கிட்டாங்க. கேட்கிற உங்கள்ல யாராவது அந்த மாதிரி ஒரு நிலைமையில இருந்தீங்கன்னா, தமிழ்நாட்டுல 104-ஐக் கூப்பிடலாம், டெலி மானஸ் 14416 இருக்கு. தமிழ்லயே பேசலாம்.

மெட்டாலிகா அனுப்பின மணி ஆர்டர்

மூச்சு விட்டுக்கோங்க. இது சந்தோஷமான கதை.

இங்கிலாந்துல ஸ்டூர்பிரிட்ஜ் ஊர்ல டயமண்ட் ஹெட்னு ஒரு பேண்ட். பெரிய கம்பெனி எதுவும் சீண்டாததால, 1980-ல சொந்தமா ஆயிரம் காப்பி ஆல்பம் போட்டாங்க. அட்டையில படம் கிடையாது, பேர் கிடையாது, வெறும் வெள்ளை. கச்சேரியிலயும் தபால்லயும் வித்தாங்க. அதுல 'ஆம் ஐ ஈவில்?'னு ஒரு பாட்டு. குஸ்டாவ் ஹோல்ஸ்டோட 'மார்ஸ்' இசையிலேர்ந்து எடுத்த முழக்கத்தோட ஆரம்பிக்கும். 1981-ல பதினேழு வயசு டென்மார்க் பையன் ஒருத்தன் அமெரிக்காவுலேர்ந்து விமானம் ஏறி இவங்க கச்சேரிக்கு வந்து, அப்படியே அவங்க வீட்லயே சில வாரம் டேரா போட்டான். பேர் லார்ஸ் உல்ரிச். ஊருக்குத் திரும்பினதும் அவன் ஆரம்பிச்ச பேண்ட்தான் மெட்டாலிகா.

டயமண்ட் ஹெட் கடைசி வரைக்கும் பெருசா வரல. ஆனா மெட்டாலிகா 1984-ல 'ஆம் ஐ ஈவில்?' பாட்டை ஒரு சிங்கிளோட பி-சைடுல போட்டு, அப்புறம் இன்னும் சில பாட்டையும் வாசிச்சு, 1998-ல 'கராஜ் இன்க்.'னு கவர் ஆல்பத்துல எல்லாத்தையும் சேர்த்தாங்க. பாட்டு எழுதினவங்களுக்கு ராயல்டி போக ஆரம்பிச்சுது. கிட்டாரிஸ்ட் பிரையன் டாட்லர் தனக்குப் பல வருஷம் வாழ்க்கை ஓடினதே அந்தக் காசுலதான்னு வெளிப்படையா சொல்லியிருக்கார். 2010-ல பல்கேரியாவோட சோஃபியா நகரத்துல மெட்டாலிகா, மெகாடெத், ஆந்த்ராக்ஸ் ஆட்களோட ஸ்லேயரோட டிரம்மரும் ஒரே மேடையில ஏறி சேர்ந்து வாசிச்சது இந்தப் பாட்டைத்தான். ஆயிரம் காப்பி வெள்ளை அட்டை எங்க வந்து நிக்குது பாருங்க.

மெட்டாலிகா தூக்கி விட்ட இன்னொரு பேண்ட் பட்ஜி. வேல்ஸ் நாட்டுல கார்டிஃப் ஊர். மூணே பேர். அவங்க 1973 பாட்டு 'பிரெட்ஃபேன்'. பேஸ் வாசிச்சுட்டே பாடின பர்க் ஷெல்லிக்கு மெல்லிசான, உச்சமான குரல், பெரிய மூக்குக் கண்ணாடி. பார்த்தா மேத்ஸ் டியூஷன் சார். ரிஃப் ஆரம்பிச்சா அப்படியே கொதிக்கிற எண்ணெய். மெட்டாலிகா 1988-ல இதை இன்னும் வேகமா வாசிச்சாங்க. ஆனா ஒரிஜினல்ல நடுவுல திடீர்னு எல்லாம் அடங்கி, மழை பெஞ்சு விட்ட மாதிரி ஒரு இடம் வரும். அதுக்காகவே ஒரிஜினல்.

அப்படியே போற வழியில

கவரால ஒரு பேண்டே உடைஞ்சிருக்கு. 1974-ல டீப் பர்பிள் கிட்டாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோர், குவாட்டர்மாஸ் பேண்டோட 'பிளாக் ஷீப் ஆஃப் தி ஃபேமிலி' பாட்டை வாசிக்கலாம்னு கேட்டார். மத்தவங்க வேண்டாம்னுட்டாங்க. வேற ஆட்களை வெச்சு ரெக்கார்ட் பண்ணப் போனார், ரானி ஜேம்ஸ் டியோவோட குரல் பிடிச்சுப் போய் புது பேண்டே ஆரம்பிச்சுட்டார். அதுதான் ரெயின்போ. உண்மையைச் சொன்னா அந்தக் கவர் சுமார்தான். சண்டை போடுற அளவுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ரெயின்போவோட 1976 ஆல்பத்துல முதல் பாட்டு 'டாரட் வுமன்' கேளுங்க. எல்லாரும் அதே ஆல்பத்துல இருக்கிற 'ஸ்டார்கேஸர்' பத்தியே பேசுவாங்க. சின்தஸைசர்ல தனியா ஆரம்பிச்சு, கிட்டார் தூரத்துலேர்ந்து நெருங்கி வர்ற அந்த முதல் ரெண்டு நிமிஷத்தை யாரும் சொல்றதே இல்ல.

ஜோனி மிட்செல்லோட 'திஸ் ஃப்ளைட் டுநைட்' பாட்டை ஸ்காட்லாந்துக்காரங்க நாசரெத் 1973-ல வாசிச்சது, அப்புறம் யூஎஃப்ஓவோட 'லவ் டு லவ்', 1977. இது ரெண்டும் ராத்திரி ஓ.எம்.ஆர். டிராஃபிக்ல கேட்க ஏத்தது. 'லவ் டு லவ்' கடைசியில மைக்கேல் ஷென்கர் வாசிக்கிற சோலோவை நான் எண்ணாம விட்ட தடவை கேட்டிருக்கேன்.

கர்னாடக சங்கீதம் கத்துக்கிட்டவங்களுக்குன்னு ஒண்ணு: ஸ்கார்ப்பியன்ஸ் 1977-ல போட்ட 'தி செய்ல்ஸ் ஆஃப் காரன்'. ஆமா, விசில் அடிச்சு பெர்லின் சுவர் காலத்துப் பாட்டு பாடினாங்களே, அதே ஸ்கார்ப்பியன்ஸ். அப்போ கிட்டார் ஊலி யோன் ரோத். சின்ன ரிஷபம், பெரிய காந்தாரம், ஸ்வீடன்காரர் இங்வே மால்ம்ஸ்டீன் பின்னாடி கவர் பண்ண அளவுக்கு ஒரு ரிஃப். எனக்குக் கேட்கும்போதெல்லாம் வகுளாபரணமும் மாயாமாளவகௌளையும் மாறி மாறி ஞாபகம் வருது. சரளி வரிசை பாடின யாரையாவது உட்கார வெச்சுக் கேட்கச் சொல்லுங்க, என்ன சொல்றாங்கன்னு எனக்கு மெயில் பண்ணுங்க.

பிளேலிஸ்ட் இந்தப் பக்கத்துலயே இருக்கு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரிஜினல் முதல்ல, கவர் அடுத்து. ஷஃபிள் மட்டும் போட்டுடாதீங்க, வரிசை கெட்டுடும். அடுத்த வாரம் பேஸ் கிட்டார் பத்தி பேசப் போறோம். வரேன் மக்களே!